கேஸ் செக் வீட்டிலேயே செய்யப் போய்: ஒரு பதினான்கு மாதக் கணக்கு

என் கராஜ் அலமாரியில் ஊறுகாய் பாட்டில் ஒன்று இருக்கிறது. உள்ளே செம்புத் தகட்டில் செய்த 340 குட்டிக் கிண்ணங்கள். துப்பாக்கிக் குண்டின் அடியில் மாட்டுவது, கேஸ் செக் என்று பெயர். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. கடையில் இதே சாமான் 1000 கொண்ட பெட்டியை நான் கடைசியாக வாங்கியபோது நாற்பது டாலருக்குச் சற்றுக் குறைவு. இந்த 340ஐச் செய்ய எனக்கு 780 டாலரும் 14 மாதமும் ஆயின. போனது அவ்வளவுதான் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன், எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எங்கே நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் மேற்குப் பக்கம், பிட்ஸ்பர்க்கை ஒட்டிய ஒரு சிற்றூர். இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்துகொள்ள உரிமம் தேவையில்லை. விற்கப் போனால்தான் வேண்டும். ஆனால் இந்தச் சலுகை எல்லாருக்கும் கிடையாது. எச்1பி விசாவில் இருக்கும் நம்மவர்கள் நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை: குடியேற்றமற்ற விசாக்காரர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. சட்டத்தில் தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டுமல்ல, வெறும் குண்டும், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரும்கூட அதில் அடக்கம். நண்பர் வீட்டு அலமாரியில் கிடப்பதை ‘சும்மா நம்ம வீட்ல வெச்சிருக்கேன்’ என்று எடுத்து வந்தால்கூட வம்புதான். நான் கிரீன் கார்டு கைக்கு வரும்வரை பக்கத்து வீட்டுப் பெரியவரோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய் வேடிக்கை மட்டும் பார்த்தேன்.

அந்தப் பெரியவர் ஓய்வுபெற்ற டூல் அண்ட் டை தொழிலாளி, அதாவது பட்டறைக் கருவிகளும் அச்சுகளும் செய்பவர். கறாரான மனிதர், ஆனால் கற்றுக்கொடுப்பதில் கஞ்சத்தனம் இல்லை. 2020 கடைசியில் ஃபுளோரிடாவிலிருக்கும் மகனோடு போய் இருக்க முடிவு செய்து, தன் பழைய மார்லின் 336 லீவர் ரைஃபிளை எனக்கு விற்றார். கடைக்குப் போய், பின்னணிச் சோதனை முடித்து, முறைப்படி. கூடவே ஈயம் உருக்கும் மின் அடுப்பு, குண்டு வார்க்கும் மோல்டு, அரைப் பெட்டி கேஸ் செக். “இது தீர்ந்தா வாங்கிக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். செய்துகொள் என்று சொல்லவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

கேஸ் செக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: ஈயக் கலவையில் வார்த்த குண்டு மென்மையானது. சுடும்போது பின்னாலிருந்து தள்ளும் சூடான வாயு, வேகம் கூடக்கூட, குண்டின் அடிப்பக்க விளிம்பை அரித்து, குழலுக்கும் குண்டுக்கும் நடுவே புகுந்து முன்னால் சீறும். அரிக்கப்பட்ட ஈயம் குழலின் உள்சுவரில் அப்பிக்கொள்ளும். இதைத் தடுக்கக் குண்டின் அடியில் செம்புக் கலவையிலோ அலுமினியத்திலோ ஒரு குட்டிக் கிண்ணத்தை மாட்டுவார்கள். காலுக்குச் செருப்பு மாதிரி. என் ரைஃபிள் சுடும் .30-30 ரகத் தோட்டாவுக்கான மோல்டில் வார்க்கும் குண்டின் அடி கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். அந்த ஒடுக்கத்தில்தான் கிண்ணம் உட்கார வேண்டும்.

2021 தொடக்கத்தில் இங்கே தோட்டா சம்பந்தப்பட்ட எதுவுமே கடையில் கிடையாது. பிரைமர் இல்லை, பவுடர் இல்லை, கேஸ் செக்கும் இல்லை. எல்லாத் தளங்களிலும் ‘இருப்பு இல்லை’. ஓரிடத்தில் ‘வந்ததும் தெரிவிக்கவும்’ என்று மின்னஞ்சலைப் பதிந்து வைத்தேன். அப்புறம் எனக்குள் ஒரு திமிர் எழுந்தது. நான் மெக்கானிக்கல் படித்தவன். அப்பா கோவையில் எவர்சில்வர் பாத்திரம் அடிக்கும் பட்டறையில் முப்பது வருஷம் பிரஸ் ஓட்டியவர். எட்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு குட்டி டம்ளர். இதைச் செய்ய முடியாதா?

முதல் முயற்சி கோக் டின். கத்தரிக்கோலில் வெட்டி, இரண்டு ஆணிக்கட்டைகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் தட்டினேன். டின் தகட்டின் கனம் 0.1 மில்லிமீட்டர்தான். குண்டில் மாட்டினால் தொப்பி மாதிரி சுழன்றது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, வீட்டுக் கூரை ஓரங்களில் மழைநீர் புகாமல் அடிக்கும் அலுமினியச் சுருளை ஹார்டுவேர் கடையில் வாங்கினேன். ஃப்ளாஷிங் என்பார்கள். பத்து அங்குல அகலம், பத்து அடி நீளம், பதினைந்து டாலர். கணக்குப் போட்டேன்: இதில் நாலாயிரத்துக்கு மேல் வட்டம் வெட்டலாம். ஒன்று அரைக் காசுக்கும் குறைவு! அந்த ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சுருளின் கனம் 0.25 மில்லிமீட்டர். வட்டம் வெட்ட ஒரு பஞ்ச், கிண்ணமாக்க ஒரு குழிக்கட்டை என்று ஏதோ ஒன்றை ஒப்பேற்றி முப்பது கிண்ணம் செய்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தன. குண்டில் மாட்டி, குண்டை ஒரே விட்டத்துக்கு நெருக்கும் சைசர் டையில் அழுத்தி, தோட்டாவாக்கி ரேஞ்சுக்குக் கொண்டுபோனேன். ஐம்பது கஜத்தில் என் குண்டுகள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. சில ஓட்டைகள் நீளவாக்கில் இருந்தன, அதாவது குண்டு குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால், வெள்ளிச் சரிகை ஒட்டிய மாதிரி ஈயம். மார்லின் 336 குழலில், குண்டைச் சுழலவிடும் வழக்கமான நாலு, ஆறு பள்ளங்கள் இல்லை. மைக்ரோ குரூவ் என்று ஆழம் குறைந்த பன்னிரண்டு பள்ளங்கள். வார்த்த குண்டுக்கு அது கொஞ்சம் கொணஷ்டை பிடித்த குழல் என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். குண்டு சற்றுப் பருமனாக இல்லையென்றால் பள்ளம் அதைப் பிடிக்காது.

படிந்த ஈயத்தை எடுக்க மூன்று ராத்திரி போயிற்று. இதற்கு மட்டும் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தேன். பாத்திரம் தேய்க்கும் செம்பு நாரைப் பிரித்து, பழைய பிரஷ்ஷில் சுற்றி, உலர்ந்த குழலுக்குள் முன்னும் பின்னும் இழுத்தால் ஈயம் செதில் செதிலாக வரும். ஆனால் நார் முழுச் செம்பாக இருக்க வேண்டும். செம்பு முலாம் பூசிய இரும்பு நாரும் அதே நிறத்தில் அதே அலமாரியில் இருக்கும், குழலைக் கீறிவிடும். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, அந்தச் செதில்களை நான் என்ன செய்தேன் தெரியுமா? செய்தித்தாளில் கொட்டி, ஊதிப் பார்த்து, குப்பையில் போட்டேன். ஊதி! அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

தகட்டை வாங்குமுன் பத்து நிமிஷம் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். என் குண்டின் ஒடுங்கிய அடி 7.24 மில்லிமீட்டர். சைசர் டையிலிருந்து வெளிவரும்போது குண்டின் விட்டம் 7.87. ஆக கிண்ணத்தின் சுவருக்கு ஒவ்வொரு பக்கமும் 0.31 மில்லிமீட்டர் இடம். என் தகடு 0.25. டை அதைத் தொடவே தொடாது, பிறகு எங்கே இறுக்குவது? தகட்டின் கனம் அந்த இடைவெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் டை வழியாகப் போகும்போது நசுங்கி ஈயத்தைக் கவ்வும். கடைச் சரக்கு 0.43 பக்கம் இருப்பதற்குக் காரணம் இதுதான். எல்லா மோல்டும் ஒரே அளவில் அடி போடாது, ஒரே கம்பெனி மோல்டிலேயே வித்தியாசம் வரும். அதனால் மற்றவர் சொல்லும் தகட்டுக் கனத்தை நம்பாமல், உங்கள் மோல்டில் வார்த்த பத்துக் குண்டின் அடியை மைக்ரோமீட்டரில் அளந்துவிட்டு அப்புறம் தகட்டுக் கடைக்குப் போங்கள். வட்டத்தின் அளவும் அப்படித்தான். நான் கிண்ணத்தின் உயரத்தை விட்டத்தோடு கூட்டி வட்டம் வெட்டிப் பார்த்து, சுவர் குட்டையாகவே வந்தபோது தலையைச் சொறிந்தேன். பரப்பளவுதான் மாறாமல் இருக்கும். விட்டத்தின் வர்க்கத்தோடு, நான்கு மடங்கு விட்டத்தை உயரத்தால் பெருக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். என் கிண்ணத்துக்கு வந்த விடை ஏறக்குறைய 11 மில்லிமீட்டர். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்த பாடம்.

வட்டம் வெட்டிக் கிண்ணமாக்கும் டையை நானே செய்வதில் அடுத்த நாலு மாதம் போயிற்று. வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில், வாடகைக்கு லேத் கிடைக்கும் பொதுப் பட்டறை ஒன்றில் மாதச் சந்தா கட்டினேன். சாதா மைல்டு ஸ்டீலில் கடைந்தேன். முதல் இருபது வட்டம் சுத்தமாக வந்தது. அப்புறம் வெட்டு முனை மழுங்கி, வட்டத்தின் ஓரமெல்லாம் பிசிறு. பஞ்சுக்கும் டைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியை நான் தாராளமாக விட்டிருந்தேன், தகடு வெட்டுப்படாமல் மடங்கி இறங்கி மாட்டிக்கொண்டது. மாட்டியதை எடுக்கச் சுத்தியலால் தட்டியதில் பஞ்ச் வளைந்தது. இரண்டாவது டையை நல்ல எஃகில் கடைந்தேன், பதம் ஏற்றும்போது விரிசல் விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு போன் போட்டேன். துப்பாக்கி என்றால் பயந்துவிடுவார் என்று, “சின்னதா ஒரு மூடி செய்யறேன்ப்பா, ஓரம் கிழியுது, சுருக்கம் விழுது” என்றேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. “தகட்ட வாட்னியா கண்ணு?” என்றார். இல்லை என்றேன். “வாட்டாம இழுத்தா கிழியாம என்ன பண்ணும்? செம்போ பித்தளையோ, ஒரு இழுப்பு இழுத்தா வெறைச்சுப் போயிரும். வாட்டி எடுத்துட்டு அப்பறம் இழு. எண்ணெ போடு. ஓரத்துல பிசிறு இருந்தா அங்கிருந்துதான் கிழிசல் ஆரம்பிக்கும், மொதல்ல அதப் பாரு.” நாலு மாதம் நான் தேடியது நாற்பது நொடியில் கிடைத்தது. பொய் சொல்லித்தான் கேட்டேன் என்பது இன்றுவரை உறுத்துகிறது.

வாட்டுவதில் செம்புக்கும் அலுமினியத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. செம்பை மங்கிய சிவப்பு வரும்வரை டார்ச்சில் காட்டித் தண்ணீரில் போட்டாலும் அது மென்மையாகத்தான் இருக்கும். இரும்பைப்போல விறைக்காது. அலுமினியம் சூட்டில் நிறமே மாறாது. சிவக்கட்டும் என்று காத்திருந்தால் 660 டிகிரியில் பொசுக்கென்று உருகி ஒழுகிவிடும். நான் ஒரு தகட்டை அப்படித்தான் இழந்தேன். பழைய பட்டறைக்காரர்களின் வழி சோப்பு: தகட்டில் துணி சோப்பால் ஒரு கோடு கிழித்து, கோடு கருத்ததும் சூட்டை நிறுத்திவிட வேண்டும். இது அற்புதமாக வேலை செய்கிறது.

ஆனால் சொந்த டை தோற்றுத்தான் போனது. ஆறாவது மாதம் கௌரவத்தை மூட்டை கட்டிவிட்டு, சிறு பட்டறை ஒன்றில் செய்யும் ரெடிமேட் டைக்கு 95 டாலர் கட்டினேன். வர மூன்று மாதம். அதை அழுத்த ஒரு டன் ஆர்பர் பிரஸ் 70 டாலர். இந்த முறை 0.36 மில்லிமீட்டர் அலுமினியம். ஒரு மணி நேரத்தில் இருநூறு கிண்ணம். விரலால் பிடித்து இழுத்தால் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அலுமினியத்தை நான் வாட்டவில்லை. சோம்பல். ‘இறுக்கமாத்தானே இருக்கு’ என்ற நினைப்பு. கூரைச் சுருள் தகடு விறைப்பாகவே வரும், நசுக்கினாலும் மயிரிழை திரும்ப விரியும். விரலுக்குத் தெரியாது. அதோடு இன்னொரு தப்பும் செய்திருந்தேன். குண்டைத் தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் கொஞ்சம் ஆழமாக இறக்கியதில், கேஸ் செக் கூட்டின் கழுத்தைத் தாண்டி, மருந்து இருக்கும் அகன்ற பகுதிக்குள் தொங்கியது. கழுத்துக்குள் இருக்கும்வரை கழுத்தே அதைப் பிடித்துக்கொள்ளும். தாண்டிவிட்டால் பிடிக்க ஆளில்லை. அன்று ரேஞ்சில் ஒன்பதாவது தோட்டா சுட்டபோது சத்தம் கொஞ்சம் வேறு மாதிரி கேட்டது. ஏதோ ஒரு உள்ளுணர்வு, சாமி புண்ணியம், சுடுவதை நிறுத்திவிட்டுக் குழலுக்குள் ராடு விட்டுப் பார்த்தேன். பாதி வழியில் தட்டியது. தள்ளினால் நசுங்கிய அலுமினிய வளையம் ஒன்று வந்து விழுந்தது. கிண்ணம் கழன்று குழலுக்குள்ளேயே நின்றுவிட்டிருக்கிறது. அடுத்த தோட்டாவை அதன் மேல் சுட்டிருந்தால் குழல் அந்த இடத்தில் வீங்கியிருக்கலாம், அதைவிட மோசமாகவும் ஆகியிருக்கலாம். என் முகத்துக்கு ஒன்றரை அடி முன்னால்.

கை நடுக்கம் நிற்க ரொம்ப நேரமானது. மிச்சமிருந்த 61 தோட்டாக்களையும் அன்று ராத்திரியே பிரித்துப் போட்டேன். பதினொன்றில் கிண்ணம் தளர்ந்திருந்தது. இந்த வேலையில் நான் மாற்றிக்கொள்ளாத இரண்டு விதிகள் அன்றைக்கு வந்தவை. கேஸ் செக் கூட்டின் கழுத்தைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. அதற்கு இடம் கொடுக்காத குண்டு அந்தத் தோட்டாவுக்கான குண்டு இல்லை. இரண்டாவது, சைஸ் செய்த குண்டுகளில் பத்துக்கு ஒன்றை எடுத்து, கிண்ணத்தைக் குறட்டால் பிடித்து இழுத்துப் பார்ப்பது. ஈயத்தில் கிண்ண விளிம்பின் பல் பதிந்த தடம் தெரிய வேண்டும். சுளுவாக வந்தால் அந்தத் தொகுதி முழுவதும் திரும்ப உருக்குசட்டிக்குள். சுடும்போது சத்தமோ உதைப்போ வித்தியாசமாகப் பட்டால் ராடு விடாமல் அடுத்ததைத் தொடக் கூடாது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

அப்புறம் செம்புக்குப் போனேன். இங்கே செம்புத் தகட்டைக் கனத்தில் கேட்டால் விழிப்பார்கள். ஒரு சதுர அடி எத்தனை அவுன்ஸ் என்பதுதான் கணக்கு. கூரைக்காரர்களிடம் எளிதில் கிடைப்பது 16 அவுன்ஸ், 0.55 மில்லிமீட்டர். எனக்கு அது அதிகம். டையில் நசுக்கியபோது கிண்ணம் கோணலாக ஏறி, குண்டின் அடியே நெளிந்தது. 12 அவுன்ஸ், அதாவது 0.41, வாட்டி எடுத்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் அந்த எடையில் சிறு துண்டாக வாங்கினால் விலை கொள்ளை. முன்னே சொன்ன 340 கிண்ணமும் இந்தத் தகட்டில் செய்தவைதான். ஐம்பது கஜத்தில் அஞ்சு குண்டும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்த அன்று, யாருக்காவது போன் பண்ணிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல ஆளில்லை. வீட்டில் சொன்னேன். “ம்ம்” என்றாள் மனைவி.

2022 பிப்ரவரியில் பையனுக்கு இரண்டு வயது. குழந்தை மருத்துவரிடம் போனபோது வழக்கமாக எடுக்கும் ஈயப் பரிசோதனைக்கு விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் போன். டெசிலிட்டருக்கு 9 மைக்ரோகிராம். கவலைப்பட வேண்டிய வரம்பாக அமெரிக்காவில் வைத்திருப்பது 3.5. அதற்கு முந்தைய அக்டோபரில்தான் 5லிருந்து அந்த அளவுக்குக் குறைத்திருந்தார்கள். விரலில் தூசி ஒட்டியிருந்தால்கூடக் கூடுதலாகக் காட்டும் என்று சொல்லி, நரம்பில் ரத்தம் எடுத்து மறுபடி பார்த்தார்கள். 7.2. காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றினாற்போல என்று ஊரில் சொல்வதை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அன்றைக்குத்தான் அதன் பொருள் விளங்கியது.

சுகாதாரத் துறை நர்ஸ் ஒருவர் போனில் நீளமாகக் கேள்வி கேட்டார். வீடு 1978க்கு முன்னால் கட்டியதா, பெயின்ட் உரிகிறதா என்றார். இல்லை. அடுத்து, மஞ்சள்தூள் எங்கே வாங்குகிறீர்கள்? கண்மை வைப்பீர்களா? குங்குமம்? பித்தளைப் பாத்திரம்? மஞ்சளில் நிறத்துக்காக லெட் குரோமேட் கலக்கும் விவகாரம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. என் மனைவி ஊரிலிருந்து அம்மா அனுப்பிய மஞ்சள், கண்மை, ரசம் வைக்கும் ஈயச்சொம்பு எல்லாவற்றையும் மேஜை மேல் எடுத்து வைத்தாள். “இந்தச் சொம்பா இருக்குமோ? இதுலதானே அவனுக்கு ரசம் வெக்கறேன்” என்று அழுதாள். நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது, காரீயத்தில் அல்ல. ஆனால் நம் பேச்சில் இரண்டும் ஈயம்தான். அவள் சொம்பைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறாள், எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஏனென்றால் கராஜில் முப்பது கிலோ காரீயம் கட்டி கட்டியாக அடுக்கி வைத்திருப்பவன் நான். நர்ஸிடமிருந்து “வேறு ஏதாவது, வீட்டில் யாருக்காவது பொழுதுபோக்கு?” என்ற கேள்வி வந்தபோது போனை நான் வாங்கிக்கொண்டேன்.

என் ரத்தத்தையும் பார்க்கச் சொன்னார்கள். 21.

ஈயம் உருகுவது 327 டிகிரியில். அந்தச் சூட்டில் ஆவியாக வருவது குறைவு என்று படித்துவிட்டு, கதவைத் திறந்துவைத்தால் போதும் என்று இருந்தேன். ஆவி என்னைக் கவிழ்க்கவில்லை, தூசிதான் கவிழ்த்தது. உருக்கும்போது மேலே மிதக்கும் சாம்பல் நிறக் கசடைக் கரண்டியால் வழித்துத் திறந்த டப்பாவில் போட்டு வைத்தேன். அது மாவு போல ஆக்சைடு. கராஜ் தரையைத் துடைப்பத்தால் பெருக்கினேன். சாதாரண வேக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சினேன், அது மென்தூசியைப் பின்பக்கமாக வீடு முழுக்க ஊதியிருக்கும். சுட்ட கூடுகளை மெருகேற்றும் டம்ளர் இயந்திரத்தைத் துணி துவைக்கும் அறையில் ஓட்டினேன். பிரைமரில் ஈயச் சேர்மம் உண்டு, மெருகேற்ற உள்ளே போடும் உலர்ந்த தவிட்டைச் சல்லடையில் சலித்தபோது எழுந்த தூசி எல்லாம் அதுதான். அதே செருப்போடு அடுக்களைக்குள் வந்தேன். பையன் தவழ்ந்த தரை அது. ஒன்றரை வயதில் என் செருப்பை வாயில் வைத்த படம்கூட என் போனில் இருக்கிறது, சிரித்துக்கொண்டே எடுத்தது. அதை அழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

இந்தத் தகட்டு வேலைக்கு இறங்குகிற யாரும் என்னைப்போல முழுக் கவனத்தையும் கிண்ணத்தில் வைத்துவிடாதீர்கள். ஈய வேலைக்கென்று தனிச் சட்டை, தனிச் செருப்பு, அவை கராஜைத் தாண்டக் கூடாது. அந்தத் துணியைக் குழந்தை துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. தரையை ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்காதீர்கள். கசடுக்கு மூடி உள்ள டப்பா. கூடுகளைத் தண்ணீரில் சுழற்றிக் கழுவும் முறைக்கு மாறிவிடுங்கள், தூசியே எழாது. சாதா சோப்பு ஈயத்தைச் சரியாக எடுக்காது, ஈயத்துக்கென்று விற்கும் சோப்பு இருக்கிறது. அங்கே காபி கோப்பை கொண்டுபோகாதீர்கள். ஈரம் பட்ட கட்டியை உருகிய சட்டிக்குள் போட்டால் நீராவி வெடித்து ஈயம் முகத்தில் தெறிக்கும் என்பது தனிக் கதை, அந்த ஆபத்தைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். குழந்தை ரத்தத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் உங்கள் ரத்தத்தைப் பரிசோதியுங்கள், சின்னக் குழந்தை இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தரம்.

வீட்டைச் சுத்தம் செய்ய ஒரு வாரம் லீவு போட்டேன். கம்பளத்தைச் சுருட்டி எறிந்தோம். அந்தச் செலவை 780இல் சேர்க்கவில்லை. மூன்று மாதத்தில் பையனுக்கு 4.1, ஆறாம் மாதம் 2.8. எனக்கு இன்னும் ஒற்றை இலக்கத்துக்கு வரவில்லை, எலும்பில் சேர்ந்தது மெதுவாகத்தான் இறங்கும் என்கிறார் மருத்துவர்.

ஃபுளோரிடா பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நீ சுடறது காகிதம்தானே? எதுக்கு அவ்வளவு வேகம்?” என்றார். நியாயமான கேள்வி. கடைத் தோட்டாவில் .30-30 குண்டு வினாடிக்கு 2200 அடி பறக்கிறது என்பதற்காக நானும் அதைத் துரத்தினேன். நொடிக்கு 1400 அடிக்குள் நிறுத்திக்கொண்டால், அடி தட்டையான மோல்டில் வார்த்த குண்டுக்குக் கேஸ் செக்கே வேண்டாம். காகிதத்துக்கு அந்த வேகம் தாராளம். மோல்டு விலை அப்போது முப்பது டாலர் சொச்சம்தான். பதினான்கு மாதத்துக்கு முன்னால் இந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டிருக்கலாம்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போன கோடையில் கோவைக்குப் போகும்போது, அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு அந்த டையையும் நாலு கிண்ணத்தையும் காட்டலாம் என்று பெட்டியில் எடுத்து வைத்தேன். கடைசி நேரத்தில் சந்தேகம் வந்து படித்துப் பார்த்தேன். இந்திய ஆயுதச் சட்டம் 1959 தோட்டாவின் பாகங்களையும் தோட்டா செய்யும் கருவிகளையும்கூடத் தோட்டா என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. உரிமம் இல்லாமல் செய்வது அங்கே குற்றம். ரேஞ்சுக்கு எடுத்துப்போன முதுகுப்பையை விமானத்துக்கு எடுத்துப்போகாதீர்கள். மடிப்பில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவால் விமான நிலையத்தில் வழக்கில் மாட்டியவர்களின் செய்தி அவ்வப்போது வரத்தான் செய்கிறது. டையை எடுத்து வெளியே வைத்தேன். அப்பாவிடம் வெறும் வாயால் சொன்னேன். அவர் துப்பாக்கியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. “பையனுக்கு இப்ப எவ்வளவு இருக்குது?” என்றார்.

‘வந்ததும் தெரிவிக்கவும்’ என்று பதிந்து வைத்த மின்னஞ்சல், மார்ச் 2022இல், பையனின் இரண்டாவது பரிசோதனை முடிவு வந்த அதே வாரத்தில் வந்தது. கேஸ் செக் இருப்பில் உள்ளது, 1000 கொண்ட பெட்டி. ஒன்று வாங்கினேன். இன்னும் பிரிக்கவில்லை.